ஓலைப் பாட்டு யாருடையது?

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடித்து, சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் நடந்த ஒரு பேச்சுக்கு நான் பதில் சொல்லாமலே இருந்தேன். பலர் போன் செய்து, "டீச்சர், கோபமா?" என்று கேட்டீர்கள். கோபம்தான். ஆனால் யார் மேல் கோபம் என்று தெரிய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1990-களில் தோணிரேவில் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எண் சொல்லிக் கொடுக்க நான் ஒரு பாட்டு கட்டினேன். உங்களில் பாதிப் பேருக்கு இன்னமும் மனப்பாடமாக இருக்கும்.

ஒண்ணு வெச்சேன் குறுக்கே
ரெண்டு வெச்சேன் நெடுக்கே
மூணு எடுத்துத் தூக்கு
நாலு கீழே போக்கு

பத்து வரை போகும். ஆளுக்குப் பத்துத் துண்டு ஓலையைக் கையில் கொடுத்துவிட்டுப் பாடச் சொல்வேன். பாட்டு முடியும்போது எண்ணும் வந்திருக்கும், கையில் ஒரு சின்ன ஓலைத் தட்டும் வந்திருக்கும்.

இந்தப் பாட்டு அப்படியே, ஒரு எழுத்து மாறாமல், குழந்தைகளுக்கான ஒரு பயிற்சிப் புத்தகத்தில் வேறொருவர் பெயரில் அச்சாகியிருக்கிறது. நம் மாணவி ஒருத்தி தன் மகளுக்குப் புத்தகம் வாங்கப் போன இடத்தில் பார்த்துப் படம் எடுத்து அனுப்பினாள். அதன் பிறகு குழுவில் ஒரே கொந்தளிப்பு. "கேஸ் போடலாம் டீச்சர், எனக்குத் தெரிஞ்ச வக்கீல் இருக்கார்" என்று ஒருவன். "டீச்சர் பாட்டு எங்க சொத்து" என்று இன்னொருவன். அன்று இரவு எனக்கும் தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்குக் காரமாக ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை.

ஏன் அனுப்பவில்லை என்று சொல்ல, ஆண்டுதோறும் செப்டம்பரிலும் டிசம்பரிலும் உங்களுக்கு நான் சொன்ன ஒரு கதையைத் திரும்பச் சொல்ல வேண்டும். பாரதியார் கதை. ஆனால் அதில் நான் வகுப்பில் சொல்லாமல் விட்ட பாதி ஒன்று இருக்கிறது.

பாரதியார் 1882 டிசம்பர் 11-ல் எட்டயபுரத்தில் பிறந்ததும், 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் இறந்ததும் உங்களுக்குத் தெரியும். 39 வயதுகூட நிறையவில்லை. இறப்பதற்கு ஒரு வருடம் முன்பு, தன் எழுத்துகளையெல்லாம் நாற்பது புத்தகங்களாகப் போட வேண்டும், பணம் தந்து உதவுங்கள் என்று பலருக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். அது நடக்கவில்லை. அவர் போன பிறகு, மனைவி செல்லம்மாள் கையில் இரண்டு பெண்களும் அச்சாகாத எழுத்துகளும்தான் இருந்தன. அவர்களே பதிப்பிக்க முயன்றார்கள். கட்டுப்படியாகவில்லை. கடைசியில் 1931-ல் அந்த எழுத்துகளின் உரிமை 4,000 ரூபாய்க்குப் பாரதியாரின் தம்பி விசுவநாதனுக்குப் போயிற்று. அவர் மாற்றாந்தாய் மகன், என்னைப் போல ஒரு பள்ளி ஆசிரியர். குறை சொல்வதற்கில்லை, அவர் பாரதி நூல்களைப் பல ஆண்டுகள் பொறுப்பாக அச்சிட்டு வந்தார்.

ஆனால் காலம் மாறியது. இசைத்தட்டு வந்தது, வானொலி வந்தது, பேசும் படம் வந்தது. பாட்டை அச்சிடும் உரிமை ஒருவரிடம் இருக்க, இசைத்தட்டிலும் ஒலிபரப்பிலும் பயன்படுத்தும் உரிமை தனியாக ஒரு வணிகரிடம் போய், அவரிடமிருந்து 1946-ல் ஏவி. மெய்யப்பச் செட்டியார் கைக்கு வந்தது. 1947-ல் வந்த அவருடைய 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் குரலில் பாரதி பாடல்கள் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தன. அடுத்து டி.கே. சண்முகம் சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாடலைச் சேர்த்தார்கள். உரிமை எங்களுடையது என்று தகராறு வந்தது. அப்போதுதான் பொதுமக்களுக்கே உறைத்தது. சுதந்திரம் வாங்கிக் கொடுத்த பாட்டைப் பாட அனுமதிச் சீட்டு வாங்க வேண்டுமா?

எழுத்தாளர்கள் கூடி 1948-ல் 'பாரதி விடுதலைக் கழகம்' என்று ஒன்று தொடங்கினார்கள். நாரண. துரைக்கண்ணன், வ.ரா., திருலோக சீதாராம், டி.கே. சண்முகம் என்று பலர் அதில் இருந்தார்கள். பாரதியின் எழுத்தை நாட்டுக்குப் பொதுவாக்கு என்பது ஒன்றே கோரிக்கை. அப்போது சென்னை மாகாணத்தின் முதல்வர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். 1949-ல் அரசே உரிமையை வாங்கியது. மெய்யப்பச் செட்டியார் தன் பங்கைப் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். 1950-களின் நடுவில், பாரதியின் எழுத்தை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், பாடலாம் என்று அரசு திறந்துவிட்டது.

இது எவ்வளவு பெரிய காரியம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்றைய சட்டப்படி எழுதியவர் இறந்து 50 ஆண்டு வரை உரிமை உண்டு. அதாவது 1971 முடியும் வரை காத்திருக்க வேண்டும். தாகூர் 1941-ல் இறந்தார். அவர் உரிமை 1991-ல் முடிய வேண்டியது, முடிகிற நேரத்தில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி 60 ஆண்டு ஆக்கியதால் 2001 வரை நீண்டது. நம் ஊரில் சைக்கிளில் வருகிறவர் விற்ற பத்து ரூபாய் பாரதியார் கவிதைப் புத்தகம் எப்படி வந்தது என்று நினைக்கிறீர்கள்? 1949-ல் சிலர் கேட்டார்கள், சிலர் கொடுத்தார்கள், அதனால் வந்தது. நம் பள்ளி ஆண்டு விழாவில் ஆடாத பாரதி பாட்டு உண்டா? அதற்கெல்லாம் பின்னால் இந்தக் கொடை இருக்கிறது.

இதுவரை நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் விட்டது இதுதான். அரசு அந்த உரிமையைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. விசுவநாதனுக்கு 15,000 ரூபாய் கொடுத்தார்கள். செல்லம்மாளுக்கும், மகள்கள் தங்கம்மாள், சகுந்தலா இருவருக்கும் தலைக்கு 5,000 ரூபாய் கொடுத்தார்கள். எழுத்தாளர்கள் திருநெல்வேலிப் பக்கம் போய்ச் செல்லம்மாளை நேரில் பார்த்துச் சம்மதம் கேட்டார்கள். அந்த அம்மாள் பட்ட வறுமைக்கு அந்தப் பணம் ஈடாகாது. ஆனாலும் கேட்டார்கள், கொடுத்தார்கள், இன்னாருடையது என்று சொன்னார்கள். இந்த மூன்றும் இருந்ததால்தான் அதைக் கொடை என்கிறோம். இவை இல்லாவிட்டால் அதற்கு வேறு பெயர்.

இந்த இடத்துக்கு வந்ததும் எனக்கு நம் பழவேற்காட்டு நினைவு வந்தது.

டச்சுக்கல்லறைக்கு உங்களை எத்தனை முறை கூட்டிப் போயிருப்பேன்! 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் பெரிய ஊர். எதற்காக வந்தார்கள்? துணிக்காக. இந்தப் பகுதி நெசவாளர்களின் கட்டம் போட்ட துணியை வாங்கி, கிழக்கே தீவுகளில் கொடுத்து, மிளகும் கிராம்பும் வாங்கினார்கள்.

இன்றைக்கு மலேசியாவில், இந்தோனேசியாவில் ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட கைலிக்கு என்ன பெயர் தெரியுமா? 'காயின் பெலிக்காட்'. காயின் என்றால் துணி. பெலிக்காட் என்றால் புலிகாட், நம் பழவேற்காடு. அங்கே இருக்கும் நம் மாணவன் ஒருவன் கடையில் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, "டீச்சர், நம்ம ஊரைக் கட்டிக்கிட்டு சுத்துறாங்க" என்று போன் செய்தான். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பக்கத்து நெசவாளர்களும் இதே போலக் கட்டம் போட்ட கைக்குட்டை நெய்து, அதற்குப் 'புலிகேட்' என்றே பெயர் வைத்து விற்றார்கள்.

இதை வகுப்பில் பெருமையாகத்தான் சொல்வேன். இப்போது யோசித்தால் பெருமையும் இருக்கிறது, வருத்தமும் இருக்கிறது. ஊர்ப் பெயர் கடல் தாண்டி நின்றது. அந்தக் கட்டத்தை முதலில் நினைத்து, பாவு ஓட்டி, சாயம் ஏற்றியவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? கல்லறையில் டச்சுக்காரர்களின் பெயர் கல்லில் செதுக்கி இருக்கிறது. நெசவாளி பெயர் எங்கேயும் இல்லை. அவர்கள் கொடுத்தார்கள் என்று சொல்வதா, அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்வதா?

இந்தக் கேள்வியோடுதான் போன வாரம் தோணிரேவுக்குப் போனேன். வேறொன்றுக்கும் இல்லை, பெட்டி முடைகிற அக்காவைப் பார்க்க. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் திண்ணையில் உட்கார்ந்து ஓலை வார்ந்துகொண்டிருப்பாரே, அவர்தான். உங்களுக்கு அப்போது அக்கா, இப்போது உங்கள் பிள்ளைகளுக்கு ஆயா. கண் சரியாகத் தெரியவில்லை. விரல் மட்டும் இன்னும் பழைய வேகத்தில் ஓடுகிறது.

உட்கார்ந்து கதை முழுக்கச் சொன்னேன். யாரோ என் பாட்டை எடுத்துப் புத்தகம் போட்டுவிட்டார்கள் என்றேன். "எந்தப் பாட்டு?" என்றார். பாடிக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"டீச்சரம்மா, இது நான் உங்களுக்குப் பெட்டி முடையக் கத்துக் குடுத்தப்ப சொன்னதுதானே? குறுக்கே, நெடுக்கே, தூக்கு, போக்கு. எங்க அம்மா எனக்கு இப்படித்தான் சொல்லிக் குடுத்துச்சு."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் சொன்னது உண்மை. நான் அந்தப் பள்ளியில் சேர்ந்த புதிதில், மதிய இடைவேளையில் அவரிடம் உட்கார்ந்து முடையக் கற்றேன். அவர் சொன்ன வார்த்தைகளுக்கு முன்னால் ஒண்ணு, ரெண்டு என்று எண்ணைச் சேர்த்தது நான். மெட்டு? படகை மணலில் இழுத்து ஏற்றும்போது ஆண்கள் போடும் குரல்தான் அது. துண்டு ஓலையைக் கையில் கொடுத்து எண்ணச் சொல்லும் யோசனை, பொருளைத் தொட்டுத்தான் எண் வரும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளி அம்மாவிடமிருந்து வந்தது. இதையெல்லாம் சேர்த்துக் கட்டியது என் வேலை. அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சேர்க்கச் சரக்கு வேண்டுமே, அது என்னுடையதா?

அடுத்து அவர் கேட்டதுதான் என்னை அடித்தது. கோபமாகக் கேட்கவில்லை, ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"நான் கத்துக் குடுத்ததுக்குக் காசு கேட்டனா? அந்தப் பாட்டுக்கு உங்களுக்குப் பரிசு குடுத்தாங்கன்னு பிள்ளைங்க வந்து சொல்லிச்சுங்க. அங்க என் பேரைச் சொன்னீங்களா டீச்சரம்மா?"

சொல்லவில்லை. ஒன்றிய அளவில் ஆசிரியர்களின் கற்பித்தல் கருவிகளுக்குப் போட்டி வைத்தார்கள். எனக்குப் பரிசு கிடைத்தது. மேடையில் இரண்டு நிமிடம் பேசினேன். தலைமையாசிரியருக்கு நன்றி, சக ஆசிரியர்களுக்கு நன்றி, என் கணவருக்கு நன்றி. திண்ணையில் இருந்தவர் நினைவுக்கே வரவில்லை. புத்தகம் போட்டவர் எனக்குச் செய்ததை, முப்பது வருடத்துக்கு முன்பே நான் அவருக்குச் செய்திருக்கிறேன். யார் மேல் கோபம் என்று தெரிய ஒரு மாதம் ஆயிற்று என்று மேலே எழுதினேனே, இதுதான்.

மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் விடுங்க, டீ குடிங்க" என்றார்.

டீ குடித்துக்கொண்டே ஒன்று கேட்டேன். "அக்கா, நீங்க புதுசா ஒரு பெட்டி மூடி கண்டுபிடிச்சா மத்தவங்களுக்குக் காட்டுவீங்களா?" அவர் சொன்னார், "காட்டாம? நாலு பேர் முடைஞ்சாத்தான் நூறு பெட்டி ஆர்டர் வாங்க முடியும். எனக்கு இந்தச் சாயம் போடுற பக்குவத்தை அடுத்த வீட்டுக்காரி சொன்னா. நான் அவளுக்கு மூடி சொன்னேன். ஆனா பெட்டியைச் சும்மா கேக்காதீங்க. பெட்டிக்குக் காசு."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதே நினைவு. கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் 'பாடு' என்றால் என்ன என்று சொல்ல வேண்டாம். ஏரியில் இன்ன இடத்தில் இன்னார் இன்ன நாளில் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் போவது. இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை வேறு இடம். அதிலும் முறைக்குள் இடம் இல்லாத ஊர்களுக்கு மனத்தாங்கல் உண்டு, அது தனிக் கதை. பாடு எதற்கு வந்தது? நான் பிடித்த இறாலை நீ பிடிக்க முடியாது. ஏரி ஒன்று, வயிறு பல. அதனால் முறை வேண்டியிருக்கிறது.

பாட்டு அப்படி இல்லை. நான் பாடினால் உனக்குக் குறையாது. பெட்டி மூடி போடும் வித்தையைப் பக்கத்து வீட்டுக்குச் சொன்னதால் அக்காவின் கையிலிருந்து அது போய்விடவில்லை, பதிலுக்கு ஒரு சாயப் பக்குவம் வந்தது. ஆகவே வித்தையைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை. ஆனால் பெட்டி வேறு. அதில் ஒரு நாள் உழைப்பு இருக்கிறது, பார்வை மங்கும் கண் இருக்கிறது. அதற்குக் காசு. படிக்காத அந்த அக்கா இரண்டு வரியில் பிரித்துச் சொன்னதை, 1949-ல் பெரியவர்கள் கூடி அதே மாதிரிதான் செய்தார்கள். பாட்டு எல்லோருக்கும், செல்லம்மாள் வீட்டுக்கு அரிசி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் கணினி வேலையில் இருக்கும் பிள்ளைகள் 'மதுரைத் திட்டம்' பற்றி அறிந்திருப்பீர்கள். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் என்ற தமிழர் முன்னின்று தொடங்கியது. உலகெங்கும் இருக்கும் தமிழர்கள் சம்பளம் இல்லாமல் சங்க நூல்கள் முதல் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வைத்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு நான் படித்த பழைய நூல்களில் பாதி அங்கிருந்துதான். அந்தக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். தட்டச்சு செய்தவர், பிழை திருத்தியவர் பெயரெல்லாம் முதலிலேயே இருக்கும். காசு வாங்கவில்லை, ஆனால் பெயர் விடுபடவில்லை.

சரி, இப்போது என் முடிவைச் சொல்கிறேன்.

வழக்கு இல்லை. வக்கீல் தெரிந்தவனுக்கு என் அன்பு. அந்தப் பதிப்பகத்துக்குப் புதிதாக ஒரு கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன், அரைப் பக்கம்தான். பாட்டை வைத்துக்கொள்ளுங்கள், பணம் வேண்டாம், அடுத்த பதிப்பில் 'தோணிரேவில் ஓலை முடையும் பெண்களின் சொற்களிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை கட்டிய பாட்டு' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. வந்தால் சொல்கிறேன்.

என் பழைய பாட்டு நோட்டில் நாற்பதுக்கு மேல் பாட்டும், கதையும், ஓலை, கிளிஞ்சல், தீப்பெட்டி வைத்து செய்த பாடக் கருவிகளின் படமும் இருக்கின்றன. நோட்டை அப்படியே படம் எடுத்து ஒவ்வொன்றாக இங்கே போடப் போகிறேன். உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றுங்கள், உங்கள் ஊர்ச் சொல்லைப் போட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் கேட்க வேண்டாம். ஒவ்வொன்றின் கீழும் அது எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று நினைவுள்ளவரை எழுதுவேன். எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிகிறது, முழுக்க நானே யோசித்தது என்று சொல்ல அந்த நோட்டில் மூன்று கூடத் தேறவில்லை.

உங்களிடம் கேட்பது இரண்டே விஷயம். எடுத்ததை அடுத்தவருக்குக் கொடுங்கள், கொடுக்கும்போது எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள். அப்படியே, வீட்டில் விசேஷம் என்றால் தாம்பூலப் பெட்டிக்குத் தோணிரேவில் ஆர்டர் கொடுங்கள். பேரம் பேசாதீர்கள்.

அக்காவின் பெயரை இங்கே எழுதட்டுமா என்று கேட்டேன். "போன்ல எல்லாம் வேணாம் டீச்சரம்மா, பிள்ளைங்ககிட்ட வாயால சொல்லுங்க" என்றார். ஆகவே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும். அந்தப் பாட்டை உங்கள் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும்போது, முதலில் அவர் பெயரைச் சொல்லிவிட்டுப் பிறகு ஒண்ணு என்று ஆரம்பியுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்